பெயர் கேட்காமல் விட்ட அம்மாவுக்கு

லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் மண்பாண்டக் கலைஞர் லூசி ரீயின் பட்டறையை அப்படியே எடுத்துவந்து வைத்திருக்கிறார்கள். அதன் முன்னால் நின்றிருந்த என்னிடம், "நீங்களும் மண் வனைபவரா?" என்று கேட்டீர்கள்.

1938-இல் வியன்னாவை விட்டு அகதியாக வந்தது, போர்க்காலத்தில் பீங்கான் பொத்தான் செய்து பிழைத்தது, 1946-இல் இன்னோர் அகதியான ஹான்ஸ் கோப்பரை வேலைக்குச் சேர்த்தது, பிறகு கேம்பர்வெல் கலைப்பள்ளியில் கற்றுக்கொடுத்தது என்று அவர் வாழ்க்கையையே சொன்னீர்கள். சுடாத பானையில், சூளையில் உருகிக் கண்ணாடிபோலப் படியும் கிளேஸ் பூச்சைத் தூரிகையால் பூசி, மின்சூளையில் ஒரே தடவை சுடுவாராம். அந்தத் தூரிகை வீச்சைக் காற்றிலேயே செய்து காட்டினீர்களே, இன்னும் கண்ணில் நிற்கிறது.

என் ஈரப் பானைகளில் கிளேஸ் உரிந்து விழுவதைச் சொன்னேன். "கலவையில் களிமண்ணைக் கூட்டுங்கள், பானையோடு சேர்ந்து அதுவும் சுருங்கும்" என்றீர்கள். எத்தனை மாதம் தவித்திருந்தேன்!

சரி என்று ஊர் திரும்பியதும் செய்து பார்த்தேன். போன வாரம் சூளையைத் திறந்தபோது ஒரு கிண்ணத்திலும் உரியவில்லை. மிக்க நன்றி அம்மா. முதல் கிண்ணம் உங்களுக்காக இங்கே காத்திருக்கிறது.