வைண்டிங் அக்காமாருக்கு ஒரு நன்றி மடல்

தமிழ்நாடு-கேரள எல்லையிலுள்ள வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டி கொழிஞ்சாம்பாறை போகிற ரோட்டில் எங்கள் தகர ஷெட் பலருக்கும் தெரியும். பதினோரு வருசம் அதில் பம்ப்செட் ஸ்டார்ட்டர் பெட்டி செய்தேன். கோயமுத்தூர் கணபதியில் சாமான் வாங்கி, இங்கே கம்பியைக் காயிலாகச் சுற்றி (அதுதான் வைண்டிங்), பெட்டி மாட்டி, அங்கேயே கொண்டுபோய் விற்போம். போன சித்திரையோடு பொறுப்பைத் தம்பியிடம் கொடுத்துவிட்டேன். இப்போது பட்டறை பட்டறையாகப் போய், வேலை செய்கிறவர்களின் உடம்பும் மனசும் கெடாமலிருக்க என்ன செய்யலாம் என்று முதலாளிமாரோடு உட்கார்ந்து பேசுகிறேன். "நல்லா ஓடற தொழில விட்டுட்டு எதுக்கு இது?" என்று கேட்டவர்களும் இந்த மடலைப் படிக்க வேண்டும்.

முதல் நன்றி வைண்டிங்கில் மூத்த அக்காவுக்கு. எங்கள் பெட்டிக்குப் பேர் வாங்கித் தந்தது டிரை ரன் ரிலே. கிணற்றில் தண்ணீர் வற்றினால் மோட்டார் இழுக்கிற ஆம்பியர் குறையும். ரிலே உடனே லைனை வெட்டிவிடும், மோட்டார் தப்பிக்கும். ஒரு வியாபாரியிடம் இதைப் பெருமையாக விளக்கிக்கொண்டிருந்தேன். அக்கா காயிலிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னார்: "மோட்டார் காஞ்சு ஓடக்கூடாதுன்னு பொட்டி பண்றோம். நாங்க காலைல இருந்து காஞ்சுதான் ஓடறோம் தம்பி."

எனக்குப் புரியவில்லை. என் மனைவிதான் அவர்களிடம் விசாரித்து வந்து சொன்னாள். ஷெட்டில் கக்கூஸ் ஒன்றே ஒன்று. அதுவும் ஆண்கள் பக்கம், தாழ்ப்பாள் விழாது. அதனால் பெண்கள் பதினான்கு பேரும் சாயங்காலம் வரை தண்ணீரே குடிப்பதில்லை. மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொடுகிற நாளிலும், அந்தத் தகரத்துக்கடியில். நீர்க்கடுப்பு என்று லீவு கேட்டவர்களிடம் நான் ஆர்டர் கணக்குப் பேசியிருக்கிறேன். எழுதக் கை கூசுகிறது.

பெண்களுக்கென்று இரண்டு கக்கூஸ் கட்டி, பணத்தை மூன்று தவணையாக வாங்கிக்கொண்ட கொத்தனார் அண்ணனுக்கு நன்றி. தகரத்தின்மேல் தென்னங்கீற்று வேய்ந்து சூட்டைக் குறைத்தவர்களுக்கு நன்றி. அந்த மாதம் சரக்கு ஒன்பது நாள் தாமதமானதைப் பொறுத்துக்கொண்ட கடைக்காரருக்கும்.

கோழிக்கோட்டு விஜி அவர்களை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் அவருக்கும், பெண் தொழிலாளர்களுக்கான பெண்கூட்டு அமைப்புக்கும் நன்றி சொல்லியாக வேண்டும். ஜவுளிக்கடைப் பெண்கள் உட்காருவதற்காக அவர்கள் போராடித்தான் 2018-இல் கேரளத்தில் சட்டம் வந்தது. தமிழ்நாடு 2021-இல் கொண்டுவந்தது. இவை கடைகளுக்கான சட்டங்கள். நின்று வேலை செய்கிறவர்களுக்கு உட்கார வசதி வேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 44-ஆம் பிரிவிலேயே இருந்ததை, அந்தச் செய்தியைப் படித்த பிறகுதான் தேடித் தெரிந்துகொண்டேன். எங்கள் அசெம்பிளி மேசைக்கு உயரமான ஸ்டூல் அடித்துத் தந்த வெல்டர் தம்பியைத்தான் இப்போது மற்றப் பட்டறைகளுக்கும் கூட்டிப் போகிறேன்.

தூக்கம் வராமல், யாரிடமும் சொல்லாமல் தவித்த ஒரு பையனுக்கு டெலி மானஸ் என்கிற அரசின் மனநல உதவித் தொலைபேசி எண் 14416-ஐத் தந்து, அவன் தமிழில் பேசி முடிக்கும்வரை பக்கத்தில் இருந்த ஆஷா அக்கா, உங்களுக்கும்.

கடைசியாக, நீர்க்கடுப்போடு வேலையை விட்டுப் போன வண்ணாமடை அக்கா இருவருக்கும். அன்று லீவுக்குப் பிடித்த சம்பளத்தைக் கவரில் போட்டு உங்கள் பேர் எழுதி வைத்திருக்கிறேன். எந்தக் கிழமை வீட்டில் இருப்பீர்கள் என்று சொல்லி அனுப்புங்கள், நானே கொண்டுவந்து தருகிறேன்.