கூலியை என் கையில் கொடுத்த ஆத்தாவுக்கு

பாபநாசம் வட்டாரத்து ஊர்ப் பெரியோர்களுக்கும் இல்லத்தாருக்கும் வணக்கம்.

என் நன்னடத்தைப் பிணைக்காலம் நேற்றோடு முடிந்தது. நடந்ததை ஊரறியும், மீண்டும் எழுத எனக்கு மனமில்லை. 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம், 4ஆம் பிரிவின்படி என்னைச் சிறைக்கு அனுப்பாமல், பெண்கள் இல்லத்தில் தங்கி நன்னடத்தை அலுவலரின் மேற்பார்வையில் இருக்குமாறு நீதிமன்றம் விதித்ததால்தான், என் மகள் இத்தனை நாளும் என் பக்கத்தில் படுத்து உறங்கினாள். மதில் இல்லாத வீடு அது. மதில் இல்லாததாலேயே ஊரார் முகத்தை நாள்தோறும் பார்த்தாக வேண்டியிருந்தது. அதுதான் எனக்குக் கடினமாக இருந்தது.

முதல் குறுவை நடவுக்குப் போனபோது, பன்னிரண்டு பேருக்கான கூலியை வாங்கிய எங்கள் நடவுக் குழுத் தலைவி ஆத்தா, ஐந்நூறு ரூபாய்த் தாள்களை அப்படியே என் கையில் வைத்து, "கடைத்தெருவுல மாத்திட்டு வந்து நீயே பிரிச்சுக் குடு தாயி, எனக்குக் கண்ணு மங்கலா இருக்கு" என்றார். நெல் நாற்றுக்குள் ஒளிந்து நிற்கும் குதிரைவாலிப் புல்லை வரப்பில் நின்றபடியே இனங்கண்டு பிடுங்கச் சொல்லும் கண்கள் அவருடையவை! சேறு காயாத கையோடு, அத்தனை பேரின் உழைப்பையும் முந்தானையில் முடிந்துகொண்டு, கடைத்தெருவுக்குத் தனியே நடந்தேன். திரும்பி வந்து பிரித்துக் கொடுத்தபோது, ஆத்தா தம் பங்கை எண்ணாமலேயே சுருக்குப் பையில் போட்டுக்கொண்டார். மற்றவர்களும் எண்ணவில்லை. நன்னடத்தையில் விடப்பட்டவருக்குத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு கிடையாது என்று அதே சட்டத்தின் 12ஆம் பிரிவு சொல்வதாக அலுவலர் அம்மா எனக்குப் படித்துக் காட்டியிருந்தார். அதன் பொருள் எனக்கு விளங்கியது அன்று அந்த வரப்பில்தான்.

கட்டணமின்றி வழக்காடிய சட்ட உதவி வழக்கறிஞருக்கும், மாதந்தோறும் என்னைக் குற்றவாளியாக அன்றி மகளாக விசாரித்த அலுவலர் அம்மாவுக்கும், தையல் கற்றுத்தந்த இல்லத்து அக்காமார்களுக்கும், என் மகளிடம் எதையும் கேட்காமல் பள்ளியில் சேர்த்துக்கொண்ட தலைமையாசிரியைக்கும், என்னை உறுப்பினராக ஏற்ற மகளிர் குழுவினருக்கும் நெஞ்சார்ந்த நன்றி.

இவ்வூரிலேயே வாடகைக்கு வீடு பார்த்திருக்கிறேன். அடுத்த நடவுக்கு இல்லத்திலிருந்து புதிதாக எந்தப் பெண் வந்தாலும், ஆத்தாவின் அனுமதியோடு, கூலியை அந்தப் பெண்ணின் கையில்தான் கொடுக்கச் சொல்வேன்; என் பங்கை எண்ணிப் பார்க்க மாட்டேன்.

என்றும் நன்றியுடன்,
இல்லத்தில் இருந்த உங்கள் சகோதரி