சான்றிதழில் எண் எழுதும் முன் சோதனைப் பெட்டியைத் திறந்து பாருங்கள்

தமிழ்நாடு அரசின் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை, மக்கள் நல்வாழ்வுத் துறை ஆகியவற்றின் செயலாளர்களுக்கு,

வணக்கம்.

குழந்தைகளுக்கு அறிவுத்திறன் சோதனை செய்து, மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கான அறிக்கை எழுதித் தரும் மருத்துவ உளவியலாளர்களில் நானும் ஒருத்தி. மருத்துவர் குழு கையெழுத்துப் போடும் முன் எங்கள் அறிக்கையில் உள்ள எண்ணைப் பார்க்கிறது. அந்த எண் எதிலிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. மேசைமேல் இருக்கும் ஒரு பெட்டியிலிருந்துதான் வருகிறது. அதற்குள் மரக்கட்டைகள், அச்சடித்த படங்கள், கையேடு, பதிவுத்தாள்கள், ஒரு ஸ்டாப்வாட்ச் இருக்கும். அல்லது இருக்க வேண்டும். பல இடங்களில் அந்தப் பெட்டி இன்று இருக்கும் நிலையைப் பற்றித்தான் இந்த மடல்.

அந்த எண்ணுக்கு எவ்வளவு கனம் என்பது உங்களுக்குத் தெரியும். 2018 ஜனவரியில் ஒன்றிய அரசு வெளியிட்ட ஊன மதிப்பீட்டு வழிகாட்டுதலில் அறிவுசார் குறைபாட்டுக்கு ஓர் அட்டவணை தந்தார்கள். அன்றாட வேலைகளைப் பிள்ளை எவ்வளவு தானாகச் செய்கிறது என்று பார்க்கும் வி.எஸ்.எம்.எஸ். என்கிற சமூக முதிர்ச்சி அளவுகோலில் 55 முதல் 69 வரை வந்தால் ஊனம் 50 விழுக்காடு. 70 முதல் 84 வரை வந்தால் 25 விழுக்காடு. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ பெரும்பாலான சலுகைகளுக்கு 40 விழுக்காட்டை வாசலாக வைத்திருக்கிறது. அதாவது அந்த அட்டவணைப்படி 69 வாங்கிய பிள்ளை உள்ளே, 70 வாங்கிய பிள்ளை வெளியே. மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகையை நம்பி வரும் ஒரு தாய்க்கு அந்த ஒரு புள்ளி என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. உளவியல் சோதனைகள் எதுவுமே ஒரு புள்ளிவரை துல்லியமானவை அல்ல. பெட்டி புத்தம் புதிதாக இருந்து, சோதிப்பவர் தேர்ந்தவராக இருந்தாலும் நான்கைந்து புள்ளி இப்படி அப்படி ஆகத்தான் செய்யும். அது அந்த அறிவியலின் எல்லை. ஆனால் பெட்டியின் கோளாறால் வரும் பிழை அப்படிப்பட்டது இல்லை. பணமும் கவனமும் இருந்தால் அதை முழுக்கத் தவிர்க்கலாம்.

செகுவின் ஃபார்ம் போர்டு என்று ஒரு பலகை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளுக்குக் கற்பித்த பிரெஞ்சு மருத்துவர் எட்வார்ட் செகுவின் பெயரில் வந்தது. நட்சத்திரம், சிலுவை, அரைவட்டம், முக்கோணம் என்று பத்து மர வடிவங்களை அதனதன் குழியில் குழந்தை பொருத்த வேண்டும். மூன்று முறை செய்யச் சொல்வோம். அதில் மிகக் குறைந்த நேரம் எதுவோ அதைக் கொண்டு மனவயதைக் கணிப்போம். எல்லாமே வினாடிக் கணக்கு. ஒரு மருத்துவமனையில் எனக்குக் கொடுத்த பலகையில் மழைக்காலத்தில் மரம் ஊறிப்போய் சிலுவை குழிக்குள் இறங்கவே மறுத்தது. தொலைந்துபோன அறுகோணத்துக்குப் பதிலாக உள்ளூர் தச்சரிடம் அறுத்து வாங்கிய துண்டு ஒன்று இருந்தது, அது குழியைவிடக் கொஞ்சம் பெரிது. என் எதிரில் உட்கார்ந்திருந்த சிறுவன் சரியான துண்டை, சரியான குழியில், சரியான திசையில்தான் வைத்தான். வைத்துவிட்டு அழுத்தினான். உள்ளே போகவில்லை. தப்பு செய்துவிட்டோம் என்று நினைத்து அதை எடுத்து வேறு குழிகளில் வைத்துப் பார்க்க ஆரம்பித்தான். ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டே இருந்தது. அன்றைக்கு அந்த நேரத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை. வேறு பலகை வரவழைத்து இன்னொரு நாள் சோதித்தேன். ஆனால் முகாமில் வெளியே வரிசை நீண்டு நிற்கும்போது எத்தனை பேருக்கு அந்த 'இன்னொரு நாள்' கிடைக்கும்?

கட்டைகளை அடுக்கி வடிவம் அமைக்கும் சோதனையிலும் இதே கதைதான். சிவப்பும் வெள்ளையும் பளிச்சென்று பிரிந்து தெரிந்தால்தான் குழந்தையின் கண் அந்த வடிவத்தைக் கூறு போட்டுப் பார்க்கும். வண்ணம் உரிந்து, அழுக்கேறி, சிவப்பு பழுப்பாகிவிட்ட கட்டைகளோடு ஒரு பிள்ளை மல்லுக்கட்டினால் நாம் அளப்பது அறிவை அல்ல. குறியீடுகளைப் பார்த்து எழுதும் சோதனைக்குத் தனித்தாள் வேண்டும், நேரம் 120 வினாடி. அந்தத் தாள் ஜெராக்ஸின் ஜெராக்ஸாக, கட்டங்கள் சாய்ந்து, குறியீடுகள் மங்கி வரும்போது மெதுவாகப் பார்க்கும் பிள்ளைதான் முதலில் அடிபடுகிறது. அந்தப் பிள்ளைக்காகத்தான் சோதனையே நடக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

அச்சு எப்படி இருந்தால் என்ன, குழந்தை சொல்கிற பதில்தானே முக்கியம் என்று ஒரு கொள்முதல் அதிகாரி என்னிடம் கேட்டிருக்கிறார். மைத்தடப் படத்தைக் காட்டி அதில் என்ன தெரிகிறது என்று கேட்கும் ரோர்ஷாக் சோதனையின் வரலாற்றை அவருக்குச் சொன்னேன். சுவிட்சர்லாந்தின் மனநல மருத்துவர் ஹெர்மன் ரோர்ஷாக் 1921இல் அந்தப் பத்து அட்டைகளை வெளியிட்டார். ஐந்தில் கறுப்பும் சாம்பலும் மட்டும், இரண்டில் சிவப்பும் சேரும், மூன்றில் பல வண்ணம். அச்சகத்தில் அளவைச் சுருக்கினார்கள், நிறங்கள் மாறின. அவர் ஒரே சீராக வரைந்திருந்த கறுப்பு, அச்சில் அடர்வும் மங்கலுமாக விழுந்தது. முதலில் வருத்தப்பட்டவர், பிறகு அந்த நிழல்களைப் பார்த்து மனிதர்கள் சொல்லும் பதில்களில் புதிய செய்தி இருக்கிறது என்று கண்டுகொண்டார். இன்றுவரை நிழலுக்கும் வண்ணத்துக்கும் தனித்தனியாக மதிப்பெண் குறிக்கிறோம். அச்சகத்தின் ஒரு கோளாறே சோதனையின் பகுதியாகிவிட்டது என்றால், சோதனையில் அச்சுக்கு எவ்வளவு இடம் என்று பாருங்கள். அப்படிப்பட்ட அட்டைகளை வண்ண ஜெராக்ஸ் எடுத்து லேமினேட் செய்து வைத்திருக்கும் இடங்கள் இருக்கின்றன. ட்யூப்லைட் வெளிச்சம் லேமினேஷனில் பட்டுத் தெறிக்கிறது, நோயாளி அட்டையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறார்.

பொருளைப் புதிதாக வாங்கிவிட்டால் மட்டும் தீராத பிரச்சினை ஒன்று இருக்கிறது. எனக்குப் பெரிய கவலை அதுதான். ஒவ்வொரு பெட்டியிலும் கையேட்டின் பின்பக்கம் ஒப்பீட்டு அட்டவணைகள் இருக்கும். இந்த வயதுப் பிள்ளைகள் சராசரியாக இவ்வளவு செய்வார்கள் என்று, எங்கோ ஒரு காலத்தில் உண்மையான குழந்தைகளைச் சோதித்து எழுதிய கணக்கு அது. நம் பிள்ளைகளை நாம் யாரோடு ஒப்பிடுகிறோம்? பினே-காமத் சோதனை 1930களில் தார்வாடு வட்டாரத்தில் கன்னடமும் மராத்தியும் பேசிய குழந்தைகளை வைத்து உருவானது. மிஸிக் என்று நாங்கள் சொல்லும் சோதனை, அமெரிக்கர் டேவிட் வெக்ஸ்லர் 1949இல் வெளியிட்டதை நாக்பூரில் பணியாற்றிய ஆர்தர் மாலின் இந்தியாவுக்கு ஏற்ப மாற்றி 1969இல் கொண்டுவந்தது. பாட்டியா 1955இல் வெளியிட்ட செயல்திறன் சோதனைத் தொகுப்பு உத்தரப் பிரதேசத்தில் 11 முதல் 16 வயது வரையுள்ள ஆண் பிள்ளைகளை வைத்து அளவிடப்பட்டது. இவர்களை நான் குறை சொல்லவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கும் தெரியாதவர்களுக்கும் தனித்தனி அட்டவணை வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே யோசித்தவர் பாட்டியா. கையில் எதுவுமே இல்லாத நாட்களில் அவர்கள் செய்த வேலை மகத்தானது. அதன்மேல் நாம் எதையும் கட்டவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

அட்டவணை பழசானால் என்ன ஆகும் என்பதும் தெரிந்த விஷயம். அறிவுத்திறன் சோதனைகளில் அமெரிக்கர்களின் சராசரி மதிப்பெண் 1932க்கும் 1978க்கும் இடையில் ஏறத்தாழ 14 புள்ளி உயர்ந்திருந்ததை ஆய்வாளர் ஜேம்ஸ் ஃப்ளின் 1984இல் காட்டினார். பத்தாண்டுக்குச் சுமார் மூன்று புள்ளி. பள்ளிப் படிப்பும், ஊட்டச்சத்தும், படங்களோடும் குறியீடுகளோடும் பழக்கமும் கூடக்கூட, பழைய அட்டவணையோடு ஒப்பிட்டால் இன்றைய பிள்ளை எல்லாமே கெட்டிக்காரப் பிள்ளையாகத் தெரியும். இதன் விளைவு விசித்திரமானது. தேய்ந்த கட்டை மதிப்பெண்ணைக் கீழே இழுக்கிறது, பழைய அட்டவணை மேலே தள்ளுகிறது. உதவி தேவைப்படும் பிள்ளைக்கு 74 வருகிறது, சான்றிதழ் இல்லை என்று திருப்பி அனுப்புகிறோம். 'போன வருஷம் வேற இடத்துல 66 போட்டாங்களே மேடம், இப்ப எப்படி ஏறுச்சு?' என்று கேட்கும் அம்மாவுக்கு நேர்மையான பதில் ஒன்றுதான் இருக்கிறது. அங்கே வேறு பெட்டி, இங்கே வேறு பெட்டி.

மொழியும் இதில் சேரும். சொல்லில் கேட்டுச் சொல்லில் பதில் வாங்கும் கேள்விகளை ஆங்கிலக் கையேட்டிலிருந்து பார்த்து, அவரவர் தங்கள் போக்கில் தமிழாக்கிக் கேட்கிறார்கள். நாகர்கோவிலில் கேட்கும் கேள்வியும் கிருஷ்ணகிரியில் கேட்கும் கேள்வியும் ஒன்றாக இருக்காது, ஒன்று எளிதாகவும் மற்றது கடினமாகவும் ஆகிவிடும். மேற்சொன்ன சமூக முதிர்ச்சி அளவுகோல் அமெரிக்காவில் எட்கர் டால் 1935இல் தொடங்கியது. பிள்ளை அவ்வப்போது சிறு கடிதம் எழுதுகிறதா என்பது அதில் ஒரு வினா. தனியாக டவுன் பஸ் ஏறி, ஃபோனில் வாய்ஸ் மெசேஜ் அனுப்பி, ரேஷன் கடையில் கைரேகை வைத்துவிட்டு வரும் ஒரு பதினான்கு வயதுப் பிள்ளையின் திறமை அதில் எங்கே பதிவாகும்?

புதிய பெட்டிகளே இல்லையா என்றால், இருக்கின்றன. வெக்ஸ்லர் சோதனைகளின் இந்தியப் பதிப்புகள் தனியார் நிறுவனத்திடம் கிடைக்கும். ஒரு பெட்டிக்குப் பல பத்தாயிரம் ரூபாய் ஆகும். பதிவுத்தாள் ஒவ்வொன்றும் தனியாக வாங்க வேண்டும், தீரத் தீர வாங்க வேண்டும். அரசு மருத்துவமனையில் முதல் பெட்டிக்கு எப்படியோ பணம் வந்துவிடுகிறது. தாளுக்கு வருவதில்லை. அங்கேதான் ஜெராக்ஸ் நுழைகிறது. அதைச் செய்யும் உளவியலாளரைக் கண்டிப்பது எளிது. ஆனால் நூறு கிலோமீட்டர் பயணம் செய்து வந்த குடும்பத்திடம் தாள் இல்லை, திரும்பிப் போங்கள் என்று சொல்ல அவருக்கும் மனம் வராது.

சந்தையில் காய்கறி நிறுக்கும் தராசுக்கு முத்திரைக் கெடு உண்டு. தொழிலாளர் துறை ஆய்வாளர் வந்து பார்க்கிறார், முத்திரை காலாவதியானால் அபராதம். ஒரு குழந்தையின் வாழ்க்கையை நிறுக்கும் பெட்டிக்கு மட்டும் எந்த முத்திரையும் இல்லை, எந்த ஆய்வாளரும் இல்லை.

உங்களால் செய்ய முடிந்தவற்றையே கேட்கிறேன். சான்றிதழ் வழங்கும் ஒவ்வொரு மையத்திலும் முழுமையான, அசல் பெட்டி இருக்க வேண்டும். பதிவுத்தாளுக்கும் மாற்றுப் பாகங்களுக்கும் மருந்து வாங்குவதுபோல ஆண்டுதோறும் தொடர் ஒதுக்கீடு வேண்டும், ஒருமுறை வாங்கி முடித்துவிட்ட மேசை நாற்காலிக் கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள். அறிக்கையில் எண்ணை மட்டும் எழுதவிடாமல் எந்தச் சோதனை, எந்தப் பதிப்பு, எந்த மொழியில் கேட்டது என்பதையும் எழுதச் செய்யுங்கள். மேல்முறையீட்டுக்கு வரும் பெற்றோருக்கு அது ஒன்றே கைப்பிடியாக இருக்கும்.

அப்புறம், தமிழுக்கென்று ஒரு சோதனை. இது பெரிய வேலை, சில ஆண்டுகள் ஆகும். ஆனால் முடியாத வேலை இல்லை. வாசிப்புக் குறைபாட்டைக் கண்டறிய தேசிய மூளை ஆராய்ச்சி மையம் இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் 'டாலி' என்ற கருவியைப் பொதுப் பணத்தில் உருவாக்கிக் காட்டியிருக்கிறது. நம்மிடம் 1794 முதல் இயங்கும் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் இருக்கிறது. முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது, பல்கலைக்கழகங்களில் உளவியல் துறைகள் இருக்கின்றன. எல்லா மாவட்டங்களிலும் அரசுப் பள்ளிகள் இருக்கின்றன. கேள்விகளைத் தமிழிலேயே எழுதி, மீனவக் குப்பத்துப் பிள்ளை, மலைக் கிராமத்துப் பிள்ளை, சென்னைக் குடியிருப்புப் பிள்ளை, பெண் பிள்ளை, ஆண் பிள்ளை எல்லோரையும் கணக்கில் சேர்த்து அட்டவணை தயாரித்து, பத்துப் பதினைந்து ஆண்டுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க ஏற்பாடு செய்யுங்கள். உரிமை அரசிடம் இருக்கட்டும். தாள் அரசு அச்சகத்தில் அச்சாகட்டும், தகுதி பெற்ற உளவியலாளர்களுக்கு மட்டும் இலவசமாகப் போகட்டும். 'மட்டும்' என்பதை அழுத்திச் சொல்கிறேன். கேள்விகள் வெளியே போனால் சோதனை செத்துவிடும். 2009இல் ரோர்ஷாக் அட்டைகள் பத்தும் விக்கிப்பீடியாவில் ஏறியபோது உலகெங்கும் உளவியலாளர்கள் கொதித்தது இதற்காகத்தான். இந்த மடலில் ஓர் அறிவுத்திறன் கேள்வியைக்கூட நான் எழுதாமல் விட்டதற்கும் அதுவே காரணம்.

இவற்றுக்கெல்லாம் கோப்பு நகரக் காலம் பிடிக்கும் என்று தெரியும். அதற்கு முன் ஒரே ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள், பணம் எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு மையமும் தன்னிடம் உள்ள பெட்டிகளைத் திறந்து, எந்தச் சோதனை, எந்த ஆண்டுப் பதிப்பு, எந்தப் பாகம் காணவில்லை, எது உடைந்திருக்கிறது, தாள் அசலா நகலா என்று ஒரு பக்கத்தில் எழுதி முப்பது நாளுக்குள் அனுப்பட்டும். பதிலில் குறை தெரிந்தால் அந்த உளவியலாளர்மீது நடவடிக்கை வராது என்றும் அதே சுற்றறிக்கையில் எழுதிவிடுங்கள். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் எல்லா மாவட்டத்திலிருந்தும் 'அனைத்தும் சரியாக உள்ளன' என்றுதான் பதில் வரும்.

இப்படிக்கு,
ஒரு மருத்துவ உளவியலாளர்