கதவடைத்துக்கொள்ளும் இருவாச்சி

ஆசிரியர் அவர்களுக்கு,

மேற்குத் தொடர்ச்சி மலையின் பெரிய இருவாச்சி, முட்டையிடும் பருவத்தில் மரப்பொந்துக்குள் புகுந்து, தன் எச்சத்தையும் பழச்சக்கையையும் பூசி வாயிலை அடைத்துக்கொள்கிறது. அலகு நுழையுமளவு பிளவு மட்டுமே எஞ்சுகிறது. உள்ளிருக்கும் பெண் பறவை தன் சிறகிறகுகளை உதிர்த்துப் புதிதாக வளர்த்துக்கொள்வதால், மாதக்கணக்கில் ஆண் பறவை கொண்டுவரும் அத்திப் பழங்களையே பெரிதும் நம்பியிருக்கிறது. விழுங்கிவந்த பழங்களை ஆண் பறவை தொண்டையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து அலகு நுனியால் ஊட்டும் நேர்த்தியைக் காணவே வால்பாறைக்குப் போகலாம். (அந்த ஆண் பறவையை வேட்டையாடினால் கூடே பட்டினிதான்.)

இருவாச்சியால் பொந்தைத் தானே குடைந்துகொள்ள இயலாது. ஆகவே, தோட்டப் பகுதிகளில் எஞ்சியுள்ள முதிர்ந்த மரங்களை, பொந்து விழுந்தவை என்பதற்காகவே வெட்ட வனத்துறை அனுமதிக்கக் கூடாது.

– ஒரு வாசகர், பொள்ளாச்சி