கண்ணில் அழுத்தம் இருப்பவர் தலைகீழாக நிற்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். ஜூன் 21, யோகா தினம் வந்தாலே தலைகீழாக நிற்கும் சிரசாசனப் படம் போடாத பத்திரிகை இல்லை, உங்களுடையது உட்பட. எனக்கு கிளாக்கோமா என்கிற கண் அழுத்த நோய், தினமும் ராத்திரி கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொள்கிற ஆள். போன மாதம் யோகா வகுப்பில் மாஸ்டர் சுவரோரம் போர்வையை மடித்துப் போட்டு, "சும்மா ஏறுங்க சார், கண்ணுக்கு நல்லது" என்றார். தலைகீழாக நின்றால் கண்ணின் உள் அழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்ததால் தப்பித்தேன். படுத்தபடி கால்களைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோகும் ஹலாசனம், ஏன், குனிந்து நிற்கும் அதோமுக சுவானாசனம்கூட அழுத்தத்தை ஏற்றும். வலி தெரியாது, அதுதான் வம்பே. யோகாவை நான் விடவில்லை, நேராக நிற்கும் தாடாசனம், மண்டியிட்டு உட்காரும் வஜ்ராசனம், அப்புறம் நிதானமான மூச்சுப் பயிற்சி என்று ஓடுகிறது. அடுத்த முறை படத்துக்குக் கீழே யார் செய்யக் கூடாது என்று ஒரு வரி சேருங்கள்.

– வாசகர், மதுரை