தங்கைக்கு, சாட்ஸ்வொர்த்திலிருந்து

அன்புள்ள தங்கைக்கு,

உனக்கும் எச்.டி.எல்.வி.-1 என்ற வைரஸால் வரும் தண்டுவட நோய்தான் என்று ரத்தமும் முதுகுத் தண்டுநீரும் சொல்லிவிட்டதாக அம்மா போனில் அழுதார். 14 ஆண்டுகளாக இதே நோயோடு இருப்பவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

இது ஒரே நாளில் படுக்கையில் தள்ளும் நோய் அல்ல. வைரஸ் புகுந்த அணுக்களைத் துரத்திவரும் நம் எதிர்ப்பாற்றலே, மார்பு மட்டத்தில் தண்டுவடத்தை மெல்ல மெல்லப் புண்ணாக்குகிறது. என் வலது செருப்பின் நுனி மட்டும் தேய்ந்திருப்பதை முதலில் கவனித்தவர் மருத்துவரல்ல, செருப்புத் தைப்பவர். மார்ட்டினிக் தீவில் 123 நோயாளிகளை ஆராய்ந்து 2006-இல் வெளியிட்ட கணக்கின்படி, நோய் தொடங்கி 6 ஆண்டுகளில் பாதிப்பேர் ஒற்றை ஊன்றுகோலையும், 13 ஆண்டுகளில் இரட்டை ஊன்றுகோலையும், 21 ஆண்டுகளில் சக்கர நாற்காலியையும் எட்டியிருந்தார்கள். பாதிப்பேர் என்பதைக் கவனி. மற்றப் பாதிப்பேர் அதற்குள் அந்த இடத்துக்கு வரவில்லை. வேகமாக முற்றுகிறவர்களுக்கு ஆரம்பத்திலேயே ஸ்டீராய்டு கொடுத்துப் பார்ப்பதுண்டு. வைரஸை அடியோடு அகற்றும் மருந்து இன்னும் இல்லை.

கால்களைவிடச் சிறுநீர்ப்பைதான் என்னை அதிகம் வதைத்தது. வெட்கப்பட்டு மூன்று ஆண்டுகள் வெறும் நீர்க்கடுப்பு என்றே மருந்து சாப்பிட்டேன். அது என் முட்டாள்தனம். இப்போது நாளுக்கு நான்கு முறை மெல்லிய குழாயை நானே செருகி வடித்துவிடுகிறேன், ஐந்து நிமிட வேலை.

கால் விறைப்பைத் தளர்த்த பேக்லோஃபென் என்ற மருந்தை எழுதித் தருவார்கள். அளவைக் கூட்டச் சொல்லி நீயாக அவசரப்படாதே. பலமிழந்த கால் அந்த விறைப்பை நம்பித்தான் நிற்கிறது. அதை முழுதும் தளர்த்தியபோது நான் அடுப்படியிலேயே மடிந்து விழுந்தேன்.

அம்மா தன் பாலைத்தான் நொந்துகொள்கிறார். தாய்ப்பால் வழியாக இது பரவுவது உண்மைதான். ஆனால் அவர் நமக்குப் பாலூட்டிய 1970-களில் இந்த வைரஸுக்குப் பெயர்கூடக் கிடையாது. 1980-இல்தான் கண்டறிந்தார்கள், தண்டுவட நோயோடு அதற்குள்ள தொடர்பு 1985-இல்தான் தெரியவந்தது. இதை அவரிடம் நீயும் ஒருமுறை சொல். உன் மகளையும் பரிசோதிக்க வேண்டும். வைரஸ் இருந்தாலும் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவாகவே இந்நோய் வருகிறது என்று சொல்லிவிட்டு அழைத்துப் போ.

அடுத்த மாதம் நீ வரும்போது தாழ்வாரத்தில் 10 மீட்டர் நடக்கவைத்து விநாடிக் கணக்கைக் குறித்துவைப்போம். எனக்கு முதலில் 9 விநாடி ஆயிற்று, இப்போது 31. உன் முதல் கணக்கு கையில் இருந்தால்தான் எந்த வேகத்தில் போகிறது என்று மருத்துவரால் சொல்ல முடியும்.

அன்புடன்,
அக்கா