எங்கள் புளோக்குக்கு ஓடி வந்தவர்களுக்கு நன்றி

போன வாரம் இரவு எங்கள் புளோக் கீழ்த்தளக் குப்பைத் தொட்டியில் தீப்பிடித்தது. இரண்டாம் மாடியில் இருக்கும் எங்கள் வீடு முழுக்கப் புகை. அவசர எண் 995-ஐ அழைத்துவிட்டு அம்மாவைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டி வருவதற்குள், ஒன்பதாம் மாடித் தம்பி தீயணைப்புக் கருவியோடு இறங்கி ஓடிவிட்டார். காலில் செருப்புகூட இல்லை. வண்டி வந்தபோது தீ அடங்கியிருந்தது. அப்படியும் வீரர்கள் தொட்டியை நன்றாக நனைத்துவிட்டு, அம்மாவுக்கு மூச்சு சீராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார்கள்.

தம்பி, உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். கைப்பேசியைக் காட்டினீர்கள். அருகில் சிறு தீ என்றால் தொண்டூழியர்களுக்குத் தகவல் அனுப்பும் மைரெஸ்பாண்டர் செயலி. 2015-இல் சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படை கொண்டுவந்தது.

அன்றிலிருந்து எனக்குப் பழைய சிங்கப்பூர் நினைவாகவே இருக்கிறது. முறையான தீயணைப்புப் படை இல்லாத காலத்தில் இங்கே தீயை அணைக்க ஓடியவர்கள் போலிஸ்காரர்களும் சிப்பாய்களும் கைதிகளும்தான். அந்தக் கைதிகளில் சென்னை மாகாணத்திலிருந்து நாடுகடத்தப்பட்டவர்களும் உண்டு. செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தைக் கட்டிய கைகளும் அந்தக் கைதிகளுடையவைதான். விரும்பி வந்தவர்கள் என்று அவர்களைச் சொல்ல முடியாது. ஆனாலும் யாரோ ஒருவர் வீட்டுக்காக நெருப்பின் அருகே நின்றார்களே, என் முதல் வணக்கம் அவர்களுக்கு.

1888-இல் முறையான படை அமைந்தது. 1909-இல் ஹில் ஸ்திரீட்டில் சிவப்பும் வெள்ளையுமாக மத்திய தீயணைப்பு நிலையம் செயல்படத் தொடங்கியது. அதன் கோபுரத்தில் ஏறி நின்று, நகரில் எங்கே புகை தெரிகிறது என்று பார்ப்பார்களாம். அப்புறம் 1961 மே 25, ஹரி ராயா ஹாஜி என்கிற ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை. புக்கிட் ஹோ சுவீ கம்பம் என்ற கிராமக் குடியிருப்பு எரிந்து ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தார்கள். அன்று அந்த அனலில் குழாய் பிடித்து நின்றவர்களுக்கும், 1989-இல் தீயணைப்புச் சேவை குடிமைத் தற்காப்புப் படையோடு இணைந்த பிறகு இன்றுவரை அழைத்ததும் வருகிறவர்களுக்கும் நன்றி.

தம்பி, நானும் முதலுதவிப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். அம்மா உங்களுக்காகப் பால் பாயாசம் வைக்கப் போகிறார். சனிக்கிழமை மாலை வீட்டுக்கு வாருங்கள். உங்கள் அம்மாவையும் கூட்டி வாருங்கள்.

அன்புடன்,
இரண்டாம் மாடி அக்கா